மூன்று நாள் வாய்ப்பூட்டு

அத்தியாயம் 14

வியாழக்கிழமை காலை. மாமனாருக்கு எட்டாவது கிண்ணம் தேநீர் ஊற்றிவிட்டாள் கனிஷாய். அவர் வாய் திறந்தபாடில்லை.

கிண்ணத்தில் கால் பாகம்தான் ஊற்ற வேண்டும். நிறைய ஊற்றினால் ‘குடித்துவிட்டு இடத்தைக் காலி செய்’ என்று அர்த்தமாகிவிடும். ஆகவே காலும் காலுமாக ஊற்றி, நீட்டி, வாங்கி, மறுபடி ஊற்றிக்கொண்டிருந்தாள். இருபது வருடமாக இந்தக் கை இதைச் செய்கிறது. இன்றைக்கு ஏனோ கெண்டியே கனத்தது.

அவர் பேசாததன் காரணம் நேற்று மாலையே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. அதைக் கைபேசியில் தூக்கிக்கொண்டு வந்தவள் நாத்தனார் புருல்சா. செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்கே வந்து, “உன் கம்ப்யூட்டர் நம்ம குடும்பத்தைச் சந்தி சிரிக்க வச்சிடுச்சு, பாரு” என்று நீட்டினாளே, அந்தக் கதைதான்.

கனிஷாய் கிர்கிஸ் நாட்டில் நாரின் என்கிற ஊரின் பள்ளியில் பூகோள ஆசிரியை. அது சம்பளத்துக்கு. சம்பளமில்லாமல் ஒன்பது வருடமாக அவள் இன்னொரு வேலையும் பார்க்கிறாள். இணையத்தில் ‘அஷூ’ என்றொரு தளம் நடத்துகிறாள். அஷூ என்றால் கணவாய். கிர்கிஸ் மொழியில் மாயக்கதையோ விண்வெளிக் கதையோ எழுத ஆசைப்படுகிறவனுக்கு வேண்டியதெல்லாம் அங்கே கிடைக்கும். இல்லாத ஊருக்கு வரைபடம் போடுவது எப்படி, மந்திரம் போட்டால் போட்டவனுக்கு என்ன நஷ்டம் என்று யோசிப்பது எப்படி, எந்தப் பத்திரிகை கதை வாங்குகிறது, கதாபாத்திரத்துக்கு வைக்க இருநூறு பழைய பெயர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வாசிப்பு அரங்கம். கதையைப் போட்டால் மற்றவர்கள் படித்துக் கருத்துச் சொல்வார்கள்.

அந்த அரங்கத்தில் திங்கட்கிழமை யாரோ ஒரு கதை போட்டிருக்கிறார்கள். ‘பனித்துளி’ என்று புனைபெயர். கதையில் ஷாத்மான் என்றொரு தலைவன். நாற்பது குடும்பங்களோடு மலை தாண்டும்போது, வழிமறித்த பனிக்கிழவிக்குத் தன் மகளையே கொடுத்துவிட்டுப் போகிறான்.

ஷாத்மான் என்பது மாமனாரின் தாத்தா பெயர். அப்படியொன்றும் தெருவுக்குத் தெரு கேட்கிற பெயரும் இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாறில் ஜார் படைக்குப் பயந்து நாடே சீனாப் பக்கம் மலையேறி ஓடியபோது, நாற்பது குடும்பங்களை அழைத்துப் போனவர். வருகிற சனிக்கிழமை அவருக்கு நினைவுக்கல் திறக்கிறார்கள். முன்னூறு பேர் வருகிறார்கள். ஓய்வுபெற்ற குதிரை வைத்தியரான மாமனார் மூன்று வருடம் அலைந்து ஏற்பாடு செய்த விழா. கல் முற்றத்தில் கம்பளி போர்த்திக் கிடக்கிறது. அதில் வெட்டியிருக்கிற வரி இது: ‘நாற்பது குடும்பங்களைப் பனிமலை தாண்டச் செய்தவர். ஒருவரையும் வழியில் விடாதவர்.’

குலத்தாரின் வாட்ஸப் குழுவில் நூற்றெண்பது பேர் அந்தக் கதையைப் படித்தாயிற்று.

“இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா அத்தா?”

அவர் கிண்ணத்தைக் கையால் மூடினார். பிறகுதான் பேசினார்.

“சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பெரியவங்க மூணு பேர் கல்லைப் பாக்க வர்றாங்க. அவங்க வாசல்ல கால் வைக்கும்போது அது இருக்கக் கூடாது.”

“அந்தக் கதைய மட்டும் எடுத்துட்டாப் போதாதா?”

“மொத்தத்தையும்.”

“ஆயிரத்து நூறு கதை இருக்கு அத்தா. மத்தவங்க என்ன பண்ணாங்க?”

“என் தாத்தா என்ன பண்ணார்?”

கனிஷாய் கெண்டியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். முழங்கால் வலித்தது.

*

எட்டாம் வகுப்புக்கு அன்று காற்றும் மழையும் பாடம். கனிஷாய் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக்கொண்டே இருந்தாள். பிள்ளைகள் வரைந்துகொண்டே இருந்தார்கள். யார் யாரை ஏமாற்றினார்கள் என்று சொல்வதற்கில்லை.

இடைவேளையில் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து தளத்தைத் திறந்தாள். வழக்கம்போல ஏழெட்டுக் கேள்விகள் காத்திருந்தன. ஜலாலாபாத்திலிருந்து ஒரு பெண் கேட்டிருந்தாள்: ‘டீச்சர், என் கதையில் ஊருக்கு ரெண்டு நிலா. ஏரித் தண்ணி எவ்வளவு ஏறும்? கரையில் வீடு கட்டலாமா?’

இன்று மாலை இடிக்கப் போகிற வீட்டுக்குள் நின்றுகொண்டு ஏரிக்கரையில் வீடு கட்டலாமா என்று யோசிப்பது பைத்தியக்காரத்தனம்தான். இருந்தாலும் விரல் பழக்கத்தில் பதில் எழுதிவிட்டது. ‘நிலா பெரிசா, கிட்டயா? அதை முதலில் முடிவு பண்ணு. அதுவரை வீட்டை மேட்டில் கட்டு.’

பிறகுதான் அந்தக் கதையைத் திறந்தாள். நேற்றிலிருந்து அதைப் பற்றி எல்லாரும் பேசியாயிற்று. அவள்தான் இன்னும் முழுசாகப் படிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் ஒரு மாதமாகவே அவள் எந்தக் கதையையும் படிக்கவில்லை. தேர்வுத்தாள், விழா, மாவு மூட்டை, மாமனாரின் இரத்த அழுத்தம் என்று நாள் போய்க்கொண்டிருந்தது.

படித்தாள். நன்றாகத்தான் எழுதியிருந்தது. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. ஷாத்மான் குதிரையிலிருந்து எட்டு வயது மகளை இறக்கிவிடுகிறான். மகன் சேணத்திலேயே இருக்கிறான். மகள் கையில் ஒரு நிலாத் துண்டைக் கொடுத்து, வாயில் போட்டுச் சப்பு, இது கரைவதற்குள் வந்துவிடுவேன் என்கிறான். அவ்வளவுதான். அழுகை, கூச்சல் ஒன்றும் கிடையாது.

கீழே மூன்று பேர் கருத்துச் சொல்லியிருந்தார்கள். ஓஷ் நகரத்துப் பல் டாக்டர் எழுதியிருந்தார்: ‘பனிக்கிழவி பிரமாதம். ஆனால் அப்பா நம்பும்படி இல்லை. எந்த அப்பா இப்படிச் செய்வான்? வலுவான காரணம் கொடுங்கள்.’ இன்னொருவர், ‘ஷாத்மான் என்ற பெயர் இந்தக் கதையில் ஒட்டவில்லை, மாற்றலாம்’ என்றிருந்தார். மூன்றாவது ஆள் ஒரு மந்தைக்காரர். ‘குதிரைக் கணக்குச் சரி. அஷூவின் குதிரைப் பக்கத்தில் போட்டிருக்கிறபடிதான் இருக்கிறது’ என்று மட்டும் சொல்லியிருந்தார்.

குதிரைப் பக்கத்துக்கு விவரம் கொடுத்ததே மாமனார்தான். பனியில் ஒரு நாளைக்கு எத்தனை மைல் போகும், புல் இல்லாமல் மூன்றாம் நாள் எவ்வளவு சுமக்கும் என்று எட்டு வருடத்துக்கு முன்னால் அடுப்படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவள் எழுதிக்கொண்டாள். ‘எதுக்கும்மா இதெல்லாம்?’ என்று கேட்டார். ‘பொய்க்கதை எழுதறவங்களுக்கு அத்தா’ என்றாள். ‘பொய்க்கதைக்கு எதுக்கு நிஜக் குதிரை?’ என்று சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நாளாயிற்று.

எழுதியவர் ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. அது கனிஷாய் வகுத்த சட்டம். கதை போட்டவர் மூன்று நாள் வாய் திறக்கக் கூடாது. மற்றவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொருவரும் ‘நான் என்ன சொல்ல வந்தேன் என்றால்’ என்று ஆரம்பித்து அடிதடியில் முடிகிறது. மூன்று நாள் பூட்டு. மூன்றாம் நாள் அதே மணிக்குத் தானாகத் திறந்துகொள்ளும். இந்தக் கதைக்கு அது இன்று மாலை நான்கு மணி.

நடத்துகிறவள் நினைத்தால் இப்போதே திறக்கலாம். கனிஷாய் சுட்டியை அந்த இடம்வரை கொண்டுபோனாள். ஒன்பது வருடத்தில் எத்தனையோ பேர் கெஞ்சியும் திறக்காததை இன்று தன் காரியத்துக்காகத் திறக்கக் கை வரவில்லை.

அதற்குப் பதில் பெயர்ப் பட்டியலைத் திறந்தாள். நேற்றிலிருந்து அவளை அரித்துக்கொண்டிருந்தது அதுதான்.

நூற்றுத் தொண்ணூற்று நான்கிலிருந்து இருநூறுவரை. ஏழு பெயர். நூற்றுத் தொண்ணூற்றெட்டு: ஷாத்மான்.

தளம் தொடங்கிய புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடுப்பில் ரொட்டி வெந்துகொண்டிருந்தபோது போட்டது. நூற்றுத் தொண்ணூற்று மூன்று பெயர் சேர்ந்துவிட்டது. இருநூறாகாமல் ஏழு குறைந்தது. கணவன் வீட்டு ஏழு தலைமுறைப் பெயர்களைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தபோது கேட்டுக் கேட்டு அவளுக்கும் பாடம். புகுந்த வீட்டுப் பெரியவர்கள் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. சொன்னதும் இல்லை. கொழுந்தன் பெயர் முதற்கொண்டு எல்லாருக்கும் ஏதாவது மாற்றுப் பெயர் வைத்துத்தான் காலம் தள்ளுகிறாள். ஆனால் விரலால் தட்டுவது சொல்வதாகுமா? அன்றைக்கு அது அவளுக்கு ஒரு சின்ன விளையாட்டாகக்கூட இருந்தது. ஏழையும் தட்டிவிட்டு ரொட்டியைப் புரட்டப் போனாள்.

இப்போது யாரோ ஒரு புண்ணியவான் நூற்றுத் தொண்ணூற்றெட்டாவது பெயரை எடுத்து, மகளைப் பலி கொடுத்த பாவிக்கு வைத்துவிட்டான். தான் வைத்த வினை. வேறு யாரைச் சொல்ல?

மலைமேல் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிற கணவனுக்குத் தொலைபேசி போட்டாள். தொலோன் கணவாயில் நேற்றே பனி விழுந்துவிட்டது. மூன்று முறை அறுந்து நான்காவது முறை தாயிர்பெக்கின் குரல் வந்தது.

“என்ன கனிஷா, சீக்கிரம் சொல்லு. பின்னாடி லாரி வரிசையா நிக்குது.”

“ஏங்க, அத்தா தளத்தையே மூடச் சொல்றாங்க. நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாதா?”

“நானா? நல்லாருக்கே. கல்லு விஷயத்துல அவர்கிட்ட யாராவது பேச முடியுமா? மூடிட்டு, விழா முடிஞ்சப்புறம் திரும்பத் திறந்துக்கோயேன்.”

“அது என்ன மளிகைக் கடையா? முன்னூத்தி நாப்பது பேர் இருக்காங்க. ஒரு தடவ கலைஞ்சா அவ்வளவுதான். திரும்ப வர மாட்டாங்க.”

“அக்கா என்ன சொல்றா?”

“உங்க அக்கா என்ன சொல்லுவாங்க? எப்பவும் சொல்றதுதான்.”

“அப்ப அவ சொல்றபடி… ஹலோ? கேக்குதா? லைன் கட்டாவுது…”

லைன் ஒன்றும் கட்டாகவில்லை. அவன்தான் வைத்தான். இருபது வருடக் குடித்தனத்தில் இந்த வித்தியாசம்கூடத் தெரியாதா அவளுக்கு?

மணி அடித்தது. அடுத்த வகுப்புக்கு நடந்துகொண்டே கனிஷாய் ஒரு முடிவுக்கு வந்தாள். நான்கு மணிக்கு அந்த ஆளிடம் கேட்பாள். பெயரை என் பட்டியலிலிருந்து எடுத்தீர்களா? ஆம் என்று வந்தால் தப்பு தன்னுடையது. யாரும் சொல்ல வேண்டாம், ஐந்து மணிக்குள் தன் கையாலேயே மூடிவிடுவாள். இனி இதற்காகப் போராட அவளுக்குத் தெம்பில்லை.

*

மூன்றரை மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தபோது எண்ணெய் வாசனை மூக்கைத் துளைத்தது. விழாவுக்குப் போர்சோக் பொரிக்க மாவு பிசைந்து வைத்திருந்தாள் புருல்சா. மேசை விரிப்பு முழுக்க மாவுத் துண்டுகள். கைபேசி உப்பு டப்பா மேல் சாய்ந்து நின்று யாரோ ஒரு சித்தப்பாவின் குரலில் முழங்கிக்கொண்டிருந்தது.

“…நம்ம பாட்டன் பேரைக் கெடுக்கறவன் எவனா இருந்தாலும்…”

“கேளு, கேளு. பதினேழாவது ஆள் இது,” என்றாள் புருல்சா. “கையைக் கழுவிட்டு வா. நீ வெட்டு, நான் பொரிக்கறேன். மூடிட்டியா?”

“இன்னும் இல்லக்கா. நாலு மணிக்கு அந்த எழுத்தாளர்கிட்ட ஒண்ணு கேக்கணும்.”

“அவன்கிட்ட என்னத்தக் கேக்கறது? சூடு சொரணை இருக்கான்னா?”

மாமனார் ஜன்னலோரம் உட்கார்ந்து, கல்லில் வெட்டிய வரிகளின் நகலைக் கண்ணாடி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். வெட்டி முடித்த பிறகும் தினம் பத்துத் தடவை படிக்கிறார். பிழை இருந்தாலும் இனி என்ன செய்ய முடியும்?

கனிஷாய் கை கழுவினாள். மாவுக்கு முன்னால் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள்.

“அத்தா, ஒண்ணு சொல்லணும். அந்தப் பேரு என் தளத்துலயே இருக்கு. கதை எழுதறவங்களுக்குன்னு ஒரு பட்டியல் போட்டேன். அதுல நம்ம வீட்டு ஏழு பேரையும் நான்தான் எழுதினேன். அங்கேருந்துதான் எடுத்திருப்பாங்க.”

புருல்சா கரண்டியோடு திரும்பினாள்.

“எழுதினியா?” என்றாள் புருல்சா. “என் பேரையே இதுவரைக்கும் வாயால சொன்னதில்ல நீ. பாட்டன்மார் பேரைக் கொண்டுபோய்ச் சந்தையில வச்சியா? எவன் வேணாலும் எடுத்துப் போட்டுக்கட்டும்னு?”

“தப்புதான்க்கா.”

“தப்பா? இது பேரு தப்பா? அத்தா, கேட்டீங்களா உங்க மருமக செஞ்ச காரியத்த? ஊர்ல எல்லார்கிட்டயும் என் மருமக மாதிரி உண்டான்னு சொல்லிட்டுத் திரிவீங்களே!”

மாமனார் கண்ணாடியைக் கழற்றினார். கோபம் வரும் என்று கனிஷாய் எதிர்பார்த்து நின்றாள். வரவில்லை. அவர் குரல் மிகவும் களைத்துப்போயிருந்தது.

“இருபது வருஷமா எங்க பேரை நீ வாயால சொல்லி நான் கேட்டதில்ல. கையால சொல்லிட்டியாம்மா?”

திட்டியிருந்தால் தேவலை. கனிஷாய்க்குக் கண் நிறைந்துவிட்டது. மாவுக்கு முன்னால் உட்கார்ந்து கத்தியை எடுத்தாள். துண்டுகள் கோணல்மாணலாக விழுந்தன. புருல்சா அவற்றை அள்ளி எண்ணெயில் போட்டாள்.

நாலுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது மடிக்கணினியை எடுத்துவந்து மாவு மேசையின் ஓரத்தில் வைத்தாள். கேள்வியைத் தட்டினாள். ‘ஷாத்மான் என்ற பெயரை எங்கிருந்து எடுத்தீர்கள்? என் பட்டியலிலிருந்தா? இது ஒரு குடும்பத்தின் நிஜப் பாட்டனார் பெயர். நான் அந்த வீட்டு மருமகள்.’

நான்கு மணிக்குப் பூட்டு திறந்தது. கீழே மூன்று புள்ளிகள் துள்ளத் தொடங்கின. எழுதுகிறார். நின்றன. மறுபடி துள்ளின. எண்ணெயிலிருந்து எழுந்த புகையில் புருல்சா இருமினாள். ஒரு ஈடு போர்சோக் கருகிவிட்டது. யாரும் எடுக்கவில்லை.

பதில் வந்தது. நீளமாக இருந்தது.

“வாய்விட்டுப் படி,” என்றார் மாமனார். அந்தப் பெயர் வருகிற இடத்தில் ‘கல்லுக்குரியவர்’ என்று மாற்றி மாற்றிப் படித்தாள் கனிஷாய்.

‘உங்கள் பட்டியலை நான் பார்த்ததே இல்லை. பெயரை மாற்றச் சொல்லி இங்கே எழுதியிருக்கிறார்கள். மூன்று நாளும் யோசித்தேன். பனிக்கிழவி பொய், நிலாத் துண்டு பொய், எல்லாம் நான் கட்டியது. அந்தப் பெயர் ஒன்றுதான் நிஜம். அதை மாற்ற மனசு வரவில்லை.

என் பெயர் தாமிரா. காரகோலில் நர்ஸாக இருக்கிறேன். என்னை வளர்த்தவள் என் பாட்டி ஐம்ஜான். கணவாயில் இறக்கிவிட்டபோது அவளுக்கு எட்டு வயது. அப்பா கல்லுக்குரியவர், தம்பி சேணத்தில். உப்பு வியாபாரி ஒருவர் கழுதை மேல் ஏற்றிச் சீனாவில் இருக்கிற அக்சூவுக்குக் கொண்டுபோய் வளர்த்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது வாக்கில் எல்லை தாண்டி இந்தப் பக்கம் வந்தாள். தன் ஆட்கள் நாரினில் இருப்பது அவளுக்குத் தெரியும். போகவில்லை. ஏன் போகவில்லை என்று நானும் கேட்கவில்லை.

வாயில் கொடுத்தது நிலாத் துண்டு இல்லை. தயிரை உப்புப் போட்டுக் காயவைத்த ஒரு குருத் உருண்டை. கரைவதற்குள் வந்துவிடுவேன் என்றாராம். பாட்டி அதைச் சப்பவே இல்லை. கரைந்துவிடுமோ என்று கன்னத்தில் அடக்கி வைத்துக்கொண்டாளாம்.’

கனிஷாய் நிறுத்தினாள்.

“பொய்!” என்றாள் புருல்சா. “வம்சாவளி முழுக்க எனக்குப் பாடம். அவருக்கு ஒரே பிள்ளை, நம்ம தாத்தா. ஐம்ஜான்னு ஒருத்தி எங்க இருக்கா? காட்டட்டும்!”

“வம்சாவளியில பொண்ணுங்கள எங்கக்கா எழுதறாங்க?” என்றாள் கனிஷாய் மெதுவாக.

புருல்சா வாயைத் திறந்தாள். அதில் தன் பெயரும் இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். கரண்டியைக் கீழே வைத்தாள்.

இருவரும் மாமனாரைப் பார்த்தார்கள். அவர் கல்லின் நகலை மடித்துக்கொண்டிருந்தார். நாலாக மடித்தார், எட்டாக மடித்தார்.

“எங்கப்பா சாகற வரைக்கும் குருத் வாயில வச்சதில்ல,” என்றார். “வீட்டுல யாராவது தின்னா எழுந்து வெளிய போயிடுவார். வயித்துக்கு ஒத்துக்கலைன்னு சொல்லிக்கிட்டோம். கடைசி வாரம் காய்ச்சல்ல படுத்திருந்தப்ப, அக்காவ ஏத்திக்கோங்கன்னு கத்தினார். எந்த அக்கான்னு கேட்டேன். சொல்லிட்டார்.”

“அத்தா! தெரிஞ்சே கல்லுல அப்படி எழுதினீங்களா?” புருல்சாவின் குரல் உடைந்தது.

“நாப்பது வீட்டைக் காப்பாத்தினாரும்மா. மூணு பேரைச் சுமந்து குதிரை விழுந்திருந்தா ரெண்டு குழந்தையும் போயிருக்கும், அவரும் போயிருப்பார், பின்னாடி வந்த அத்தனை பேரும் போயிருப்பாங்க. அத எப்படிக் கல்லுல எழுதறது? நீயே சொல்லு.” பிறகு கனிஷாயிடம் திரும்பினார். “முடிஞ்சுதா? இன்னும் இருக்கா?”

இருந்தது. கடைசிப் பத்தி.

‘சனிக்கிழமை விழா நடப்பதாகக் கேள்விப்பட்டேன். ஷேர் டாக்ஸிக்குச் சொல்லிவிட்டேன். நான் உங்கள் வீட்டுப் பெண் வயிற்றுப் பேத்தி. தாய்மாமன் வீட்டுக்கு வருகிற பிள்ளை கேட்டதை மறுக்கக் கூடாது. நம் வழக்கம் உங்களுக்கும் தெரியும். முன்னூறு பேர் முன்னால் ஒன்று கேட்பேன். கேட்டுவிட்டுப் போய்விடுவேன்.’

கனிஷாய் மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். தப்பு தன்னுடையது இல்லை. காலையிலிருந்து சுமந்த பாரம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. எட்டு வயதுப் பெண்ணின் கன்னத்தில் புடைத்திருந்த அந்த உருண்டைதான் கண்முன் நின்றது. நூறு வருடமாக யாரும் கேட்காத கதையை ஒரு நர்ஸ் எங்கே கொண்டுபோய்ச் சொல்லியிருக்கிறாள்! பனிக்கிழவியைக் காவலுக்கு வைத்து, இந்தக் களைத்துப்போன மருமகள் கட்டிவைத்த தளத்தில். அதிலும் ஒருவர், எந்த அப்பா இப்படிச் செய்வான் என்று காரணம் கேட்டிருக்கிறார். அவள் மூன்று நாள் வாய் மூடிக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள்.

“என்னத்தக் கேக்கப் போறா?” என்றாள் புருல்சா.

வெளியே வண்டி நிற்கிற சத்தம் கேட்டது. பெரியவர்கள் நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். யாரோ பனி மிதித்த பூட்ஸைத் தட்டினார்கள். மாமனார் கல்பாக் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, கனிஷாயின் முன்னால் வந்து நின்றார். கட்டளையிடுகிற முகம் இல்லை. அவர் அவளிடம் கெஞ்சி அவள் பார்த்ததில்லை.

“எது கேட்டாலும் குடுத்தாகணும் நான். இல்லேன்னு சொல்ல முடியாது. அதுக்குள்ள, அவங்க உள்ள வர்றதுக்குள்ள, மூடிடும்மா. எல்லாத்தையும். அப்படி ஒரு கதையே இல்லைன்னு ஆகட்டும்.”

“பொய்யா இருந்தா மூடியிருப்பேன் அத்தா,” என்றாள் கனிஷாய்.